காகிதப் பங்கு இருக்கிறதா?

செல்லங்களே, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய பங்குப் பத்திரம் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

முன்பு பங்கு என்றால் காகிதம்தான். கரையான் அரிக்கும், தபாலில் தொலையும், போலிகளும் நடமாடின. 1996ல் தனிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு என்.எஸ்.டி.எல்., 1999ல் சி.டி.எஸ்.எல்., என இரு காப்பகங்கள் மும்பையில் இயங்கத் தொடங்கின. இங்கே பங்கு வெறும் கணக்குப் பதிவு. விற்றால் ஒரு கணக்கில் கழியும், இன்னொன்றில் கூடும். பங்கின் பேரில் அப்பா கடன் வாங்கினால், அடகுக் குறிப்பும் அதிலேயே ஏறும். கடன் கொடுத்தவர் விடுவித்தால்தான் விற்கலாம். ஒரே பங்கை இரண்டு பேரிடம் அடகு வைக்கும் தில்லுமுல்லு இங்கே பலிக்காது!

பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் காகிதப் பங்கை, 2019 ஏப்ரல் முதல் அப்படியே விற்க முடியாது. டீமேட் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்டு வாங்காவிட்டால், பங்கே அரசின் நிதிக்குப் போய்விடும். மனுப் போட்டு மீட்கலாம், அலைச்சல்தான் அதிகம். வீட்டில் இன்றே சொல்லுங்கள்.