தாய்லாந்து சுற்றுலா: காஞ்சனபுரிக்கு 20 நிமிஷம் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கிட்டு கடைசி வரைக்கும் படிங்க.

வருஷக் கடைசி பள்ளி விடுமுறையில ஆலயத்தின் சார்பில் தாய்லாந்துக்கு பஸ் சுற்றுலா போகலாம்னு பேச்சு நடக்குது. பயணத் திட்டம் வாட்ஸ்அப் குழுவுல வந்ததை எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஹாட்யாய் நான்முகன் சாமி, பேங்காக் சீலோம் மகா மாரியம்மன், எரவான், ராஜ குடும்பத்து பிராமணர்களோட தேவஸ்தானம், படுத்த பிள்ளையார், மிதக்கும் சந்தை, நகைக்கடை, ஷாப்பிங். நடுவுல ஒரு வரி: "காஞ்சனபுரி, ஆற்றுப் பாலம், போட்டோ எடுக்க 20 நிமிஷம்."

அந்த ஒரு வரியைப் பத்தித்தான் எழுதுறேன். 20 நிமிஷம் போதாது. அரை நாளாவது வேணும். அதுக்காக மிதக்கும் சந்தையையும் நகைக்கடையையும் எடுத்துடலாம்னு நான் சொல்றேன்.

மத்த இடங்களைக் குறை சொல்லலை. சீலோம் மாரியம்மன் கோயிலை 19ஆம் நூற்றாண்டில் அங்க பிழைக்கப் போன நம்ம தமிழர்கள் கட்டினாங்க. நவராத்திரி கடைசியில அந்த ரோட்டையே அடைச்சு ஊர்வலம் போகும், தாய்லாந்து ஜனங்கதான் அதிகமா நிப்பாங்க. தேவஸ்தானம் 1784ல் முதலாம் ராமா மன்னர் காலத்துல வந்தது. அங்க நடக்கிற ஒரு சடங்குக்கு திரியம்பாவாய், திரிபாவாய்னு பேரு. நம்ம திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அப்படி மாறி நிக்குது. மார்கழியில விடியக்காலம் எழுந்து பாடுறவங்க இதைக் கேட்டா சும்மா இருப்பாங்களா? கட்டாயம் பார்க்கணும்.

ஆனா பேங்காக்ல நம்ம ஆளுங்க கட்டின கோயிலுக்கு ஒரு மணி நேரம், காஞ்சனபுரியில நம்ம ஆளுங்க செத்த மண்ணுக்கு 20 நிமிஷம்னா, அந்தக் கணக்கு எனக்கு ஒத்து வரலை.

இளையவங்களுக்காகக் கொஞ்சம் சொல்றேன். 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் பினாங்குக்குள்ள வந்தான். ரப்பர் கப்பல் ஏறுறது நின்னு போச்சு, தோட்டத்துல வேலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அந்த நேரத்துல சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல ரயில் போடணும்னு 1942ல் ஆரம்பிச்சாங்க. மொத்தம் 415 கிலோமீட்டர், முழுக்க காடு, மலை, ஆறு. "ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு உண்டு, மூணு மாசத்துல திரும்பிடலாம்"னு தோட்டம் தோட்டமா ஆள் சேர்த்தாங்க. முதல்ல நம்பிப் போனாங்க. போனவங்க திரும்பி வரலைன்னு தெரிஞ்ச பிறகு யாரும் வரலை. அப்புறம் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. இலவசமா படம் காட்டுறோம்னு கூட்டிட்டு, வெளிய வர்றப்ப லாரியில ஏத்தின கதையெல்லாம் பல தோட்டத்துல சொல்வாங்க.

மலாயாவிலிருந்து போனவங்க 70,000க்கும் மேல். பெரும்பாலும் தமிழர். குடும்பத்தோட, பிள்ளை குட்டியோட போனவங்களும் உண்டு. மூடின கூட்ஸ் வண்டியில அடைச்சு நாலு அஞ்சு நாள் ஓட்டி, பான் போங்னு ஒரு ஊர்ல இறக்கினாங்க. அங்கிருந்து காட்டுக்குள்ள நடை. 1943 மழைக்காலத்துல காலரா வந்தப்போ முகாம் முகாமா காலியாச்சு. வெள்ளைக்கார போர்க்கைதிகளும் அதே காலராவுல செத்தாங்க. ஆனா அவங்களுக்குள்ள ராணுவ டாக்டர் இருந்தார், தண்ணியைக் காய்ச்சித்தான் குடிக்கணும்னு உத்தரவு போட ஆபீசர் இருந்தார். தோட்டத்துல இருந்து போனவனுக்கு யார் இருந்தா? 1943 அக்டோபர்ல ரெண்டு பக்கத்துத் தண்டவாளமும் ஒண்ணு சேர்ந்தது.

போர்க்கைதிகள் 60,000க்கும் மேல் வேலை செஞ்சு, அதுல 12,000 பேருக்கு மேல் இறந்தாங்க. காஞ்சனபுரி டவுன்ல இருக்கிற போர்க்கல்லறையில கிட்டத்தட்ட 7,000 பேருக்கு இடம் இருக்கு. ஆளுக்கொரு பலகை, பேரு, ரெஜிமெண்ட், வயசு. புல்லை வெட்டி, பூச்செடி வெச்சு, அவ்வளவு சுத்தமா வெச்சிருக்காங்க. எனக்கு அதுல பொறாமை இல்லை, அந்தப் பிள்ளைங்களும் இருபது இருபத்திரண்டு வயசுக்காரங்கதான். ஆசியத் தொழிலாளர் இதைப் போல பல மடங்கு இறந்தாங்க. எத்தனை பேர்னு ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு கணக்கு சொல்லுது. எதுவும் பல பத்தாயிரத்துக்குக் குறைஞ்சு சொல்லலை.

நான் பேக்டரியில ஷிப்ட் பார்க்கிறவன். ஒரு ஷிப்ட் முடிஞ்சு அடுத்த ஷிப்டுக்குக் கை மாத்துறப்போ ஒரு தலை குறைஞ்சாலும் எங்கன்னு கேட்டு எழுதணும். தோட்டத்துலயும் செக்ரோல் இருந்தது, தினம் காலையில பேர் கூப்பிட்டாங்க. அப்படி இருந்த ஜனங்களை அள்ளிக்கிட்டுப் போய், எத்தனை பேர்னு ஒரு முழுக் கணக்கு இல்லாம விட்டிருக்காங்க. என்னால ஜீரணிக்க முடியாதது இதுதான்.

சில வருஷத்துக்கு முன்னாடி வேற ஒரு குழுவோட அந்தப் பக்கம் போனப்போ எங்களுக்கு வந்த கைடு நல்ல பையன்தான். பாலத்துல நின்னு இங்கிலீஷ்ல பேசினது முழுக்க அந்த சினிமா படத்தைப் பத்தி. (1957ல் வந்த படம். எடுத்தது தாய்லாந்துல இல்ல, இலங்கையில.) வெள்ளைக்காரன் கஷ்டப்பட்டான், ஜப்பான்காரன் அடிச்சான், அவ்வளவுதான். பஸ்ஸுல இருந்த நாற்பது பேரும் தமிழர். அதுல எத்தனை பேருடைய தாத்தா அங்க போனாரோ, யாரும் வாய் திறக்கலை. பாலத்துல செல்பி எடுத்துட்டு, தேங்காய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு ஏறிட்டோம். கைடைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தா? கூட்டிட்டுப் போறவங்க சொல்லணும்.

அங்க நம்ம தடம் ஒண்ணுமே இல்லைன்னு நினைக்காதீங்க. பாலத்துக்குப் பக்கத்துல ஒரு பழைய நினைவுத்தூண் இருக்கு. 1944ல் ஜப்பானிய ராணுவமே கட்டினது. அதுல பல மொழி எழுத்து இருக்கு, தமிழும் இருக்கு. சாகடிச்சவனே முதல்ல தமிழ்ல எழுதி வெச்சான்னு நினைச்சா வயிறு எரியுது. அப்புறம் 2023ல் நம்ம மலேசியா, தாய்லாந்து தமிழர்கள் முயற்சியில காஞ்சனபுரி பௌத்த ஆலயம் ஒண்ணுல தமிழ்த் தொழிலாளர்களுக்கு நடுகல் வெச்சாங்க, தமிழக அரசும் பண உதவி செஞ்சது. நம்ம பயணத் திட்டத்துல நடுகல்னு ஒரு வார்த்தை இல்லை. நகைக்கடைக்கு ஒண்ணரை மணி நேரம் இருக்கு.

இனி எதிர்ப்புகள். குழுவுல சொன்னவங்க பேர் வேண்டாம், எல்லாரும் நம்ம அண்ணன் அக்காதான்.

"சாமி கும்பிடப் போற இடத்துல சாவு பேச்சு எதுக்கு, தீட்டு." ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில நம்ம ஜனம் எவ்வளவு நிக்குது? தாத்தா பாட்டிக்கு எள்ளும் தண்ணியும் விட்டுட்டு அப்படியே கோயிலுக்குத்தான் வர்றோம். கருமாதிகூட நடக்காத ஆளுங்களுக்கு அந்த ஆற்றங்கரையில ஒரு தடவை தண்ணி விட்டா எந்த சாமி கோபிக்கும்? நம்ம குருக்கள் ஐயாகிட்ட கேட்டேன், தாராளமா செய்யலாம்னு சொன்னார். ஒரு மோட்ச தீபம், ஒரு பதிகம். அரை மணி நேர வேலை.

"தூரம், சுத்தி வரணும், செலவு கூடும்." இது வரைபடத்தைப் பார்க்காம சொல்ற பேச்சு. ஹாட்யாய்ல இருந்து பேங்காக் ரயில்ல ஏறக்குறைய 950 கிலோமீட்டர், பஸ்ஸும் அதே தெற்கு வழியாத்தான் மேல போகுது. பான் போங் அந்த வழியில பேங்காக்குக்கு முன்னாடியே வந்துடும். அங்கிருந்து காஞ்சனபுரி ஒரு மணி நேர ஓட்டம். அன்னைக்கு அவங்களைக் கொண்டு போன ரயிலும் பாடாங் பெசார் தாண்டி இதே திசையிலதான் போச்சு. ராத்திரி ஏசி பஸ்ஸுல போர்வையைப் போத்திக்கிட்டுப் போறப்போ இதைப் பிள்ளைங்களுக்கு ஒரு தடவை சொல்லலாமே. ஒரு சாப்பாட்டுச் செலவு கூடும், ஒத்துக்கிறேன். அதை உபயமா எடுக்க ரெண்டு பேர் ஏற்கனவே முன்வந்திருக்காங்க.

"பிள்ளைங்க பயந்துடும்." எட்டு வயசுப் பிள்ளைக்குக் காலராவை விவரிக்க வேணாம். பழைய பாதை நாம் டோக் வரைக்கும் இன்னும் ஓடுது. ஆற்றோரமா மலையை ஒட்டி மரக்கட்டைப் பாலம் மேல ரயில் ஊர்ந்து போகும், அதுல ஏத்திவிட்டா பிள்ளைங்களுக்குக் கொண்டாட்டம். இதை உங்க பூட்டன் மாதிரி ஆளுங்க கையால போட்டாங்கன்னு சொன்னா போதும். பெரிய பிள்ளைங்களுக்கு ஆர். சண்முகம் எழுதிய "சயாம் மரண ரயில்" நாவலைக் கொடுங்க, நம்ம நாட்டு எழுத்தாளர்தான்.

ஒண்ணு மட்டும் நானும் வேண்டிக்கிறேன். பஸ்ஸுல மைக் பிடிக்கிறவங்க கதை சேர்க்க வேண்டாம். "ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஒரு உயிர்"னு அடிச்சு விடுறதெல்லாம் வேண்டாம். தெரிஞ்சதைச் சொன்னாலே நெஞ்சு அடைக்கும்.

இப்ப செய்ய வேண்டியது. உங்க வீட்டுல, சொந்தத்துல, பக்கத்து வீட்டுல சயாமுக்குப் போனவங்க யாராவது இருந்தா பேர், அப்பா பேர், எந்தத் தோட்டம், திரும்பினாங்களா இல்லையா, இந்த நாலு விஷயம் போதும். முழுப் பேர் தெரியலைன்னா "மாரியோட பெரியப்பா"ன்னு இருந்தாலும் எழுதுங்க. எண்பது தொண்ணூறு வயசுப் பெரியவங்க இன்னும் கொஞ்சம் பேர்தான் நம்மகூட இருக்காங்க, அவங்களை இந்த வாரமே கேளுங்க. அர்ச்சனை டிக்கெட் மேசையில பச்சை அட்டை போட்ட நோட்டு ஒண்ணு வெச்சிருக்கேன். அந்தப் பேர்களை ஆற்றங்கரையில குருக்கள் சங்கல்பத்துல சேர்த்து வாசிக்கணும்கிறது என் ஆசை.

ஞாயித்துக்கிழமை காலை பூஜை முடிஞ்சு அன்னதான மண்டபத்துல சுற்றுலா கூட்டம். பணம் கட்டினவங்க, கட்டப் போறவங்க எல்லாரும் வாங்க. ஒத்து வராதவங்களும் வந்து சொல்லுங்க, தலைவர் முன்னாடியே பேசிக்குவோம். பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்கு மேல செல்லுமான்னு பார்த்துக்கிட்டு வாங்க.

ஓம் சரவணபவ.