அச்சேறாத சான்று

ரவாங் வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றை ஆராயப் புகும் தமிழ் மாணவனை நோக்கி, "அச்சில் வந்ததை மட்டும் மேற்கோள் காட்டு, மற்றவை ஆய்வுக்கு ஆகா" என்று அறிவுரை பகர்வோர் இன்றும் உளர். அவர்தம் அளவுகோலின்படி, தோட்டக் கோயிலின் வரவு செலவுக் கணக்கேடு சான்றன்று. கிராணியார் எழுதிய செக்ரோல் புத்தகம் சான்றன்று. சயாம் மரண ரயில் பாதையிலிருந்து உயிரோடு மீண்டவர் பழைய பள்ளிக் குறிப்பேட்டில் எழுதி வைத்துச் சென்ற பக்கங்களும் சான்றல்ல. ஆய்வு நெறிபோல் தோன்றும் அறியாமையே இது. மலேசியத் தமிழர் வரலாற்றில் அச்சேறியது சிறுபகுதி, ஏறாததே பெரும்பகுதி. அச்சேறியதையே கொள்வோம் என்பார், அச்சகத்தை எட்ட இயலாதவருக்கு வரலாறு இல்லை என்று தீர்ப்பெழுதுகின்றனர்.

அச்சு மெய்ம்மைக்கு முத்திரையன்று. 1894ஆம் ஆண்டில் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கிப் பொறியை நிறுவினர் என்பதும், மலாயாவில் மின்சாரம் முதன்முதலாகப் பயன்பட்டது அங்கேதான் என்பதும் பல நூல்களில் காணப்படும் செய்தி. ரவாங் மக்கள் பெருமையோடு சொல்லும் செய்தியுங்கூட. ஆயினும் அதனை எழுதுவோருள் எத்துணைப் பேர் மூல ஆவணத்தைச் சுட்டுகின்றனர்? ஒருவர் எழுதியதை ஒன்பதின்மர் எடுத்தெழுதினால் சான்று பத்தாகி விடுமா? அச்செய்தியை ஐயுறுதல் இங்கு நோக்கமன்று. அதன் வேரைத் தேடிச் செல்லும் மாணவன், என்றோ ஒருநாள் ஒரு சுரங்கக் கணக்கையோ அரசுக் கடிதத்தையோ, அதாவது அச்சேறாத ஒன்றைத்தான் சென்றடைய வேண்டியிருக்கும்.

அதே 1894இல்தான் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்து வெளியிட்டார். ஏட்டுப் பிரதி எவ்வூரில் எவரிடமிருந்து கிடைத்தது என்பதைப் பதிப்பில் பதிவு செய்தல் அவர் வழக்கம். ஏடு அளித்தவரின் பெயரை மறைத்துப் பெருமையைத் தாமே கொண்டாரல்லர். பிற்காலத்தில் சோழர் வரலாறு எழுதிய கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், முழுமையாக அச்சேறாத கல்வெட்டுகளை, கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கையில் அவை பெற்ற எண்ணையும் ஆண்டையும் கொண்டே சுட்டினார். ஐயமுற்றவர் அவ்வெண்ணைப் பற்றிக்கொண்டு மூலத்தைத் தேடலாம். "படிப்பவர் சரிபார்க்க இயலாதே" என்னும் தடைக்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

இனி, கிள்ளானுக்கு வருவோம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு, துரையைக் கண்டால் மிதிவண்டியினின்று இறங்கும் இழிவை நீக்கல் ஆகியவை அவர்தம் கோரிக்கைகளுட் சில. முன்னின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மே மாதத்தில் சிலாங்கூரில் நெருக்கடி நிலை பிறந்தது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். இவற்றை எழுதும் வரலாற்றாசிரியர்கள் பெரிதும் சார்ந்திருப்பவை இலண்டனில் காக்கப்படும் குடியேற்ற நாட்டு அலுவலகக் கோப்புகள். சி.ஓ. 717 என்னும் வரிசை அவற்றுள் ஒன்று. அவையும் அச்சேறாதவையே! ஆளுநரின் கடிதமும் அதிகாரியின் ஓரக்குறிப்புமாகக் கட்டி வைக்கப்பட்ட தாள்களே. ஆயினும் "வெளியிடப்படாதது" என்று எவரும் அவற்றை ஒதுக்குவதில்லை. ஏன்? அவற்றுக்கு ஓர் எண் உண்டு. இருக்க ஓர் இடம் உண்டு. சுடப்பட்டவனின் தம்பி எழுதிய கடிதத்துக்கு அவை இல்லை. ஆளச் சொன்னவனின் தாள் ஆவணமாகவும் ஆளப்பட்டவனின் தாள் கட்டுக்கதையாகவும் மாறியது இவ்வளவில்தான்.

இதற்கு நேர்மாறான தவறொன்றும் உண்டு. அது இதனினும் இழிந்தது. பல்கலைக்கழக நூலகத்தில் உறங்கும் மாணவர் ஆய்வேட்டிலிருந்தும், ஓய்வு பெற்ற ஆசிரியர் இரவல் தந்த கையெழுத்துக் கட்டிலிருந்தும் பக்கம் பக்கமாக எடுத்துக்கொண்டு, "அச்சில் வராததுதானே" என்று பெயர் சுட்டாது விடுதல். அச்சேறாத சோறு மட்டும் இனிக்குமாம்; சமைத்தவர் பெயர் கசக்குமாம்!

ஆசிரியர் பயிற்சிக் கழகங்களிலும் ஆறாம் படிவ வகுப்புகளிலும் கற்பிக்க வேண்டியது மிக எளிது. ஆவணம் யாது, எழுதியவர் யார், எவ்வாண்டைச் சார்ந்தது, இன்று எவர் வசம் எவ்வூரில் உள்ளது, எந்நாளில் பார்க்கப்பட்டது, எந்தப் பக்கம் என ஆறு செய்திகளை அடிக்குறிப்பில் எழுதுமாறு பழக்குதல் போதும். வாய்மொழியாயின், சொன்னவர் யார், அவர் கண்டதா கேட்டதா என்பதும் சேர வேண்டும். சயாம் பாதையில் தம் லயத்தார் மாண்டதைக் கண்டவர் அதற்குச் சான்று. பாதை நெடுகிலும் மாண்டோர் தொகைக்கு அவர் சான்றாகார். உரியவரின் இசைவின்றிக் குடும்பக் கடிதத்தை வெளியிடலும் ஆகாது. பெயரை மறைக்க வேண்டின், மறைத்திருப்பதைச் சொல்லி மறைக்க வேண்டும். இவையெல்லாம் கடினம் என்பாரின் சோம்பலுக்கு மாணவன் பொறுப்பாளி அல்லன்.

காலமும் காத்திருக்கவில்லை. ரவாங்கைச் சூழ்ந்திருந்த பால்மரங்கள் பல வீழ்ந்து வீடமைப்பு நிலங்களாயின. தோட்டம் கைமாறி லயம் இடிபடும்போது அலுவலகத் தாள்கள் எங்கே போகின்றன என்று கேட்பார் இல்லை. கோயில் அலமாரியில் எஞ்சிய கணக்கேட்டைக் கறையான் அரிக்கின்றது. அதனை ஒரு மாணவன் பார்த்து, பக்கமெண்ணோடு ஆய்வேட்டில் குறித்து, படமெடுத்த படியொன்றைப் பள்ளி நூலகத்திலோ தேசிய ஆவணக் காப்பகத்திலோ சேர்ப்பித்தால், ஏடு அழிந்த பின்னும் அவன் அடிக்குறிப்பைப் பின்பற்றி இன்னொருவன் வரக்கூடும். "அச்சில் இல்லை" என்று அவனைத் திருப்பி அனுப்பிய ஆசிரியர், அலமாரி வெறுமையான பின் எந்த நூலை எடுத்து அவனிடம் நீட்டுவார்?