தூங்குவதாக ஒரு பாசாங்கு

"லாப்டாப்பின் மின்சார அமைப்புகளைப் பற்றிக் கதை எழுதுகிறவனுக்கு என்ன கவலை? அதெல்லாம் நிபுணர்கள் விஷயம், யந்திரமே பார்த்துக்கொள்ளும்!" என்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த அபிப்பிராயத்தை நான் அடியோடு மறுக்கிறேன். என் பணத்தில் வாங்கி, என் வீட்டு மின்சாரத்தில் ஓடி, என் எழுத்தையெல்லாம் சுமந்துகொண்டிருக்கிற ஒரு பொருள் எப்போது விழித்திருக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்று தீர்மானிக்கிற உரிமை எனக்கில்லாமல் வேறு யாருக்கு இருக்க முடியும்?

முதலில் வேகக் கட்சிக்காரர்களைக் கவனிப்போம். "ஹை பெர்ஃபார்மன்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் சார், பறக்கும்!" என்று இவர்கள் கூசாமல் உபதேசம் செய்வார்கள். அந்தத் திட்டத்தின் சூட்சுமம் என்ன? வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிராசஸரின் வேகத்தைக் குறைக்காதே என்பதுதான். 'பாலன்ஸ்டு' என்கிற நடுத்தரத் திட்டமோ, சும்மா இருக்கும்போது வேகத்தைச் சாதாரணமாக 5 சதவிகிதம் வரைக்கும் இறங்க விடுகிறது; வேலை வந்துவிட்டால் அதுவும் 100 சதவிகிதத்துக்கு ஏறத்தான் செய்கிறது. அப்படியிருக்க, கடிதம் எழுதுகிறவருக்கும் கணக்குப் பார்க்கிறவருக்கும் இதனால் ஆகிற லாபம் என்ன? அரைப்படி பால் காய்ச்ச யாராவது கோட்டை அடுப்பு மூட்டுவார்களா? மிஞ்சுவது சூடுதான். லித்தியம் பேட்டரிக்குச் சூட்டைவிடப் பெரிய சத்துரு கிடையாது. சினிமாப் படத்தை வெட்டி ஒட்டுகிறவருக்கு அந்தத் திட்டம் ஒருவேளை உதவலாம், அவர் வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் இவர்கள் வெறும் அப்பாவிகள். என் சண்டை யந்திரத்தையும் அதன் மென்பொருளையும் செய்கிறவர்களோடுதான்.

2007இல் பொதுமக்கள் கைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் பாலன்ஸ்டு, பவர் சேவர், ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று மூன்று திட்டங்கள் பெயரோடு இருந்தன. 'ஸ்லீப்' என்றால் அன்று நிஜமான உறக்கம். நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், மற்றவை அடங்கிவிடும். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது 'கனெக்டட் ஸ்டாண்ட்பை' என்று ஒன்று முளைத்தது. 2015இல் விண்டோஸ் 10 அதற்கு 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' என்று நாமகரணம் செய்து இன்னும் விரிவாக்கியது. திரை இருண்டிருக்கும், உள்ளேயோ, செல்போனைப் போல, தபால் வாங்குவதும் வேறு காரியங்கள் பார்ப்பதும் நடந்துகொண்டேயிருக்கலாம். இப்படிச் செய்யப்பட்ட யந்திரங்கள் பலவற்றில் பழைய உறக்கமே கிடையாது. மூன்று திட்டங்கள் இருந்த பட்டியலிலும் பெரும்பாலும் பாலன்ஸ்டு ஒன்றுதான் மிச்சம்.

தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதாகப் பாசாங்கு செய்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். பாசாங்கு செய்கிறவனைத் தூங்க வைக்கவும் முடியாது என்பதை இந்த யந்திரங்கள் நிரூபிக்கின்றன! மூடியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு சென்னையில் பஸ் ஏறுகிறவர், திருச்சியில் இறங்கிப் பையைத் தொட்டால் சுடுகிறது. திறந்தால் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது. பலபேருடைய அனுபவம் இது.

"திறந்த கணமே தயாராக இருக்கிறதே, அது சௌகரியம் இல்லையா?" என்று கேட்கிறார்கள். சௌகரியந்தான். வேண்டுகிறவருக்குக் கொடுங்கள். வேண்டாதவரிடமிருந்து பழையதைப் பிடுங்குவானேன்? பைக்குள் கிடக்கிற யந்திரத்துக்குத் தபால் வந்து என்ன ஆகப்போகிறது? முடிவு செய்கிறவர் ஒருவர். பேட்டரி செத்தால் புதிதுக்குப் பணம் கட்டுகிறவர் வேறொருவர். இந்த அநியாயத்துக்குச் சௌகரியம் என்று பெயர் வைத்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தப்பிக்க வழி இருக்கிறது. அதையும் பல யந்திரங்களில் மறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். 'ஹைபர்னேட்' என்பது நினைவகத்தில் இருப்பதையெல்லாம் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு யந்திரத்தை அணைத்துவிடுவது. மறுபடி எழச் சில விநாடி கூடுதலாகும், அவ்வளவுதான். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்கிற பக்கத்தைத் திறந்து, பூட்டியிருக்கிற அமைப்புகளை மாற்ற அனுமதி கேட்டு, ஹைபர்னேட்டுக்கு எதிரே அடையாளம் இட்டால்தான் அது பட்டியலுக்கு வருகிறது. மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆக வேண்டும் என்றும் அங்கேயே சொல்லிவிடலாம். பேட்டரியில் ஓடும்போது ஒரு கணக்கு, மின்சாரத்தில் ஓடும்போது வேறு கணக்கு என்று தனித்தனியாகவும் வைக்கலாம். எப்போதும் பிளக்கிலேயே இருக்கிற யந்திரமானால், 80 சதவிகிதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்துகிற வசதியைப் பல தயாரிப்பாளர்கள் கொடுத்திருக்கிறார்கள், தேடிப் பாருங்கள்.

இதற்கு நிபுணத்துவம் வேண்டியதில்லை. ராத்திரி படுக்கப் போகுமுன் எந்த விளக்கை அணைப்பது, எதை எரிய விடுவது என்று தீர்மானிக்கத் தெரிந்த எந்தக் குடும்பஸ்தருக்கும் இது தெரியும். அந்த ஸ்விட்சை மட்டும் அவர் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்காதீர்கள் என்பதுதான் என் வழக்கு.