பாதம் சுமக்கும் பாரம்

முகத்துக்குக் கண்ணாடி உண்டு, பாதத்துக்குக் கிடையாது. ஆகையால் மனிதன் தன் முகத்தைத் தினம் பத்துத் தடவை பார்க்கிறான். பாதத்தை முள் தைத்தாலொழியப் பார்ப்பதில்லை. ஆயுள் முழுவதும் தேகத்தைச் சுமக்கும் அங்கத்துக்கு நாம் காட்டும் மரியாதை இவ்வளவே!

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் காலை வேளையில் பள்ளிக்கூட வாசல்களைப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருகிறார்கள். கூப்பிடு தூரத்தில் வீடுள்ள பிள்ளைகளோ ஆட்டோவிலும் வேனிலும் வந்து இறங்குகிறார்கள். தேகப் பயிற்சி நேரத்தில், "கால் வலிக்கிறது, ஸார்" என்று ஓரமாக உட்காருகிறவர்களில் பருமனான பிள்ளைகளே அதிகம். அதைச் சோம்பல் என்று சிலர் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். அது நியாயமன்று.

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் இருக்கின்றன. அவை உட்புறத்தில் வில்லைப் போல் வளைந்து நிற்கின்றன. குதிகாலிலிருந்து விரல்களின் அடி வரையில் ஓடும் உறுதியான பட்டையே அந்த வில்லுக்கு நாண். கணுக்காலின் உட்புறமாக இறங்கும் தசைநார் ஒன்று வில்லை மேலே தூக்கிப் பிடிக்கிறது. காலை ஊன்றும்போது வளைவு சற்றுத் தாழ்கிறது. எடுக்கும்போது நிமிர்ந்து நம்மை முன்னே தள்ளுகிறது.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒருவர் நாளொன்றுக்கு 5,000 அடி நடந்தால் ஒவ்வொரு பாதமும் 2,500 தடவை ஊன்றுகிறது. தேக எடை 10 கிலோ கூடினால், ஒரு பாதம் அன்று தாங்கும் அதிகப் பாரத்தின் கூட்டுத்தொகை 25,000 கிலோ! ஓடும்போதோ ஒவ்வோர் அடியிலும் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாதத்தில் இறங்குகிறது. நாளடைவில் நாண் நெகிழ்கிறது, தசைநார் களைக்கிறது, வளைவு தாழ்ந்து கணுக்கால் உட்புறம் சாய்கிறது. காலையில் படுக்கையைவிட்டு எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் சுரீரென்று வலிப்பதும் உண்டு. நாற்பதைத் தாண்டிய, பருமனான ஸ்திரீகளுக்கு அந்தத் தசைநார் நைந்துபோகும் அபாயம் அதிகம்.

நம் நாட்டு வைத்தியர்கள் 1,846 பேருடைய காலடித் தடங்களை ஆராய்ந்து 1995-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பருமனானவர்களிடையே தட்டைப் பாதம் அதிகமாயிருந்தது. மற்றொன்றும் தெரிய வந்தது. ஆறு வயதுக்கு முன்பே காலணி மாட்டப்பட்டவர்களில் 3.24 சதவிகிதம் பேருக்குத் தட்டைப் பாதம். 16 வயதில்தான் முதன்முதலாக அணிந்தவர்களில் 1.75 சதவிகிதமே. பருமனைக் கழித்துப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் நீங்கவில்லை. ஆக, வளரும் பாதத்துக்குப் பாரமும் பகை. ஓயாத பூட்ஸும் பகை.

இதைப் படித்துவிட்டுத் தாய்மார்கள் கலங்க வேண்டாம். சின்னக் குழந்தைகளின் பாதம் தட்டையாகவே தோன்றும். வளைவு பிறகுதான் தெளிவாகும். கொழுத்த குழந்தையின் பாதத்தில் சதை வளைவை மறைப்பதும் உண்டு. பிள்ளையை முன்விரல்களில் எழும்பி நிற்கச் சொல்லுங்கள். வளைவு தோன்றினால், வலியும் இல்லாவிட்டால், பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை. வளைவு தோன்றாவிட்டாலோ, வலி நீடித்தாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. தொலைதூரம் போக வேண்டியதில்லை.

உண்மையான அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. கால் வலிப்பதால் பிள்ளை நடப்பதில்லை. நடக்காததால் எடை கூடுகிறது. எடை கூடுவதால் கால் இன்னும் வலிக்கிறது. "குண்டு" என்று சகபாடிகள் கேலி செய்தால், மைதானத்தின் பக்கமே அது தலைகாட்டாது. இந்தச் சக்கரத்தை உடைக்க வேண்டியவர்கள் நாம்தாம். பள்ளிக்குப் பாதித் தூரமாவது பிள்ளையுடன் நடக்கலாம். மாலையில் சுத்தமான மண் தரையில் வெறுங்காலுடன் விளையாட விடலாம். பொட்டலத் தின்பண்டத்தையும் சர்க்கரைப் பானத்தையும் குடும்பம் முழுவதுமே குறைக்கலாம். பிள்ளையை மட்டும் பட்டினி போடுவது பிசகு. ஆனால் நீரிழிவுள்ள பெரியவர்கள் வெறுங்காலுடன் நடக்கலாகாது. காலில் காயம் பட்டாலும் அவர்களுக்குத் தெரியாமற் போகலாம்.

மயிலம் குன்றேறும் நாளில் செருப்பைக் கீழே விட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறுங்கள். வழியில் அது களைத்து உட்கார்ந்தால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அவசரம் ஒன்றுமில்லை, முருகன் காத்திருப்பான்.