மொட்டை மாடியில் என்ன வேலை?

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். சில மாதங்களாக, இருட்ட ஆரம்பித்ததும் செல்போனும் கையுமாக மொட்டை மாடிக்கு ஓடி விடுவாள். 'வயசுப் பொண்ணுக்கு இருட்டுல அங்க என்ன வேலை?' என்று மாமியார் முணுமுணுக்க, பக்கத்து வீட்டு அக்காவும் ஒரு மாதிரியாக விசாரிக்க, எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒருநாள், சத்தம் போடாமல் பின்னாலேயே போனேன்.

அவளோ, போனில் ஸ்டாப் வாட்சை ஓட விட்டு, வானத்தைப் பார்த்து எண்ணிக் கொண்டிருந்தாள். நட்சத்திரம் போல ஒன்று நகர்ந்து போனது. பளிச்சென்று மின்னியது, மங்கியது, மறுபடியும் மின்னியது.

'செயற்கைக்கோளைக் கொண்டு போய் விட்ட ராக்கெட்டோட காலிக் கூடும்மா அது. கட்டுப்படுத்த ஆளில்லாம குட்டிக்கரணம் போடுது. தண்ணி டிரம் மாதிரி நீளமா இருக்கிறதால, பக்கவாட்டுல வெயில் பட்டா பளிச்சுனு தெரியும், முனை திரும்பினா மங்கிடும். நமக்கு இருட்டினாலும், அந்த உயரத்துல இன்னும் வெயில் இருக்கு' என்றாள்.

எது, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் வரும் என்பதைப் போனிலேயே பார்த்துக் கொள்கிறாள். முதல் 'பளிச்'சிலிருந்து பதினோராவது 'பளிச்' வரை எத்தனை வினாடி என்று பார்த்து, பத்தால் வகுத்து, தேதியோடு நோட்டில் எழுதுகிறாள். மாதங்கள் போகப் போக, சுழலும் வேகம் குறையுமாம். பூமியின் காந்தப்புலம், அந்த உலோகக் கூட்டில் மின்சாரத்தைத் தூண்டி, பிரேக் போடுவது போல் இழுப்பதுதான் காரணமாம்.

'இதனால என்னடி பிரயோஜனம்?' என்றேன். 2012ல் தொடர்பு அறுந்து போன ஐரோப்பாவின், 'என்விசாட்' செயற்கைக்கோள், எட்டு டன் எடையோடு மேலே உருண்டு கொண்டிருக்கிறதாம். அது போன்ற குப்பைகளைப் பிடித்து அகற்ற வேண்டுமானால், எப்படிச் சுழல்கிறது என்று தெரிய வேண்டாமா என்று திருப்பிக் கேட்டாள். அமெரிக்காவில், 1956ல் துவங்கி, 1975 வரை நடந்த, 'மூன்வாட்ச்' திட்டத்தில், ஆசிரியர்கள், மாணவர்களோடு நம்மைப் போன்ற இல்லத்தரசிகளும் செயற்கைக்கோள்களைக் கண்காணித்தார்கள் என்றும் சொன்னாள்.

எனக்கு வெட்கமாகி விட்டது. இதே மகன் மாடிக்குப் போயிருந்தால், யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்போமா?

இப்போது, அடுப்படி வேலையைச் சற்று ஒதுக்கி விட்டு, நானும் போகிறேன். அவள் எண்ணுகிறாள், நான் எழுதிக் கொள்கிறேன். மாமியார் இன்னும் முணுமுணுக்கத்தான் செய்கிறார். 'நானும் கூடத்தான் இருக்கேன் அத்தை' என்று சொல்லி விடுகிறேன்.

தோழியரே... பெண் பிள்ளைகள் மாடிக்குப் போனால், உடனே சந்தேகப்படாதீர்கள். 'என்ன பார்க்கிறே?' என்று கேட்டு, பக்கத்தில் போய் நில்லுங்கள். வானம் அவர்களுக்கும் சொந்தம்தானே!

— ஒரு வாசகி, தஞ்சாவூர்.