புத்தகத் தொழிலும் அரசாங்கமும்

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். நான் தில்லிக்கு வந்த பிறகு கண்ட முதல் குளிர்காலம். ஊரில் என் தந்தையார் ஐந்து தமிழ்ப் புத்தகங்களைப் பொட்டலமாகக் கட்டி எனக்கு அனுப்புவதற்காக அஞ்சலகம் சென்றார். பதிவுப் புத்தக அஞ்சல் என்று ஒரு சலுகை முறை நெடுங்காலமாக இருந்துவந்தது. அச்சிட்ட புத்தகமானால் சாதாரணப் பார்சலைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் நாட்டின் எந்த மூலைக்கும் போய்ச் சேரும். அந்த முறை அந்த மாதத்தில்தான் நாடெங்கும் நிறுத்தப்பட்டிருந்தது. புத்தகத்தின் விலையில் ஒரு பெரும்பங்கை அஞ்சலுக்கே கொடுக்க மனமில்லாமல் அப்பா பொட்டலத்தைத் திரும்ப வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டார். "லீவுக்கு வர்றப்ப நீயே எடுத்துட்டுப் போப்பா" என்று தொலைபேசியில் சொன்னார்.

இதை என் சொந்தக் குறையாக எழுதவில்லை. 2025 மே முதல் நாளிலிருந்து 'ஞான் போஸ்ட்' என்ற பெயரில் வேறொரு சலுகை வந்தது. 300 கிராமுக்கு 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய் என்பது அதன் அடிப்படைக் கட்டணம். பொட்டலமும் வந்து சேர்ந்தது, படித்தும் முடித்தேன். ஆனால் இடைப்பட்ட நான்கைந்து மாதங்களில், கடை வைக்க வசதியின்றி அஞ்சலையே நம்பிப் புத்தகம் விற்கும் சிறு பதிப்பாளர்கள் என்ன செய்திருப்பார்கள்? ஒரு தொழிலின் உயிர்நாடி அஞ்சல் கட்டணத்தில் இருக்கிறது என்பதை அரசாங்கத்தில் யாரேனும் நினைத்துப் பார்த்தார்களா? இந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

நான் சிவகாசிக்காரன். அப்பா அச்சுக்கூடத்தில் மெஷின்மேன். நாடெங்கும் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளில் மிகப் பல எங்கள் ஊரில் பிறந்தவை. அச்சுத் தொழிலின் கணக்கை நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை; சாப்பாட்டு நேரத்தில் கற்றேன். டெமி அளவில் 208 பக்கப் புத்தகம் என்றால் பதினாறு பக்கத்துக்கு ஒன்றாகப் பதின்மூன்று பாரம். எழுத்துக் கோப்பது, பிழை திருத்துவது, பிளேட் எடுப்பது ஆகிய செலவெல்லாம் முந்நூறு பிரதி அடித்தாலும் ஒன்றுதான், மூவாயிரம் அடித்தாலும் ஒன்றுதான். இயந்திரம் ஓடிச் சீராகுமுன் வீணாகும் தாளும் அப்படியே. ஆகவே யார் புத்தகம் அச்சிட வந்தாலும் அச்சுக்கூடத்தில் எழும் முதற் கேள்வி, "எத்தனை பிரதி?" என்பதுதான். தலைப்பு என்ன, ஆசிரியர் யார் என்பவை பிறகு.

இந்த ஒரு கேள்விக்குள் புத்தகத் தொழிலின் துன்பம் முழுதும் அடங்கியிருக்கிறது. பிரதி குறைந்தால் விலை ஏறும். விலை ஏறினால் வாங்குவோர் குறைவர். வாங்குவோர் குறைந்தால் அடுத்த பதிப்பில் பிரதி மேலும் குறையும். கோடிக்கணக்கானோர் பேசும் மொழியில் இருநூறு, முந்நூறு என்று அச்சிடும் நிலைக்குப் பல பதிப்பாளர்கள் வந்துவிட்டார்கள். இந்தச் சுழலைத் தனியொருவரால் அறுக்க முடியாது. இங்கேதான் அரசாங்கத்தின் கை தேவைப்படுகிறது.

"புத்தகம் விற்பதும் வாங்குவதும் வியாபாரம், அதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று கேட்கும் நண்பர்கள் எங்கள் விடுதியிலேயே இருக்கிறார்கள். அவர்களில் பௌதிகம் படிப்பவர் ஒருவரின் மேசையில் இரோடவ் எழுதிய கணக்குப் புத்தகம் கிடக்கிறது. அது மாஸ்கோவின் மீர் பதிப்பகம் உலகுக்குத் தந்த நூல். சோவியத் அரசாங்கம் பணம் போட்டதால்தான் அத்தகைய நூல்கள் நம் நாட்டில் கொள்ளை மலிவாகக் கிடைத்தன. பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' தமிழிலேயே வந்தது. நம் அப்பாக்கள் தலைமுறையில் விஞ்ஞான ஆசை கொண்ட பலர் அதைப் படித்து வளர்ந்தவர்கள். பிரிட்டிஷ் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1960-களிலிருந்து 1990-கள் வரை, ஈ.எல்.பி.எஸ். என்ற மலிவுப் பதிப்பாகத் தன் நாட்டுப் பாடநூல்களை இங்கே பரப்பியது. 1955-இல் சென்னையில் தென்மொழிகள் புத்தக டிரஸ்ட் தொடங்கப்பட்டபோது அதற்குப் பணம் தந்தது அமெரிக்காவின் போர்டு நிறுவனம். புத்தகத்துக்குப் பணம் போடுவது வீண் என்று அந்நியர் யாரும் கருதவில்லை. தம் கருத்தும் தம் மொழியும் தம் புத்தகமும் நம் வீட்டுக்குள் வருவதற்கு அவர்கள் விலை கொடுத்தார்கள். 1991-இல் சோவியத் யூனியன் மறைந்தது. அந்த மலிவுத் தமிழ் விஞ்ஞான நூல்களும் அத்துடன் நின்றன. பிறர் வீட்டு விளக்கில் படித்தால் இப்படித்தான் ஆகும்.

நம் அரசாங்கங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நன்றியில்லாத பேச்சு. பாரதியார் நூல்களின் உரிமையை 1949-இல் சென்னை அரசாங்கம் வாங்கிப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானபோது அவை மூலைமுடுக்கெல்லாம் சென்றன. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954-இல் முதல் தொகுதி கண்டு, 1968-இல் பத்தாம் தொகுதியோடு முடிந்தது. தில்லியில் நேஷனல் புக் டிரஸ்ட் 1957 முதல் இருந்து வருகிறது. இவற்றையெல்லாம்விட ஒரு விஞ்ஞான மாணவன் மறக்கக் கூடாத முயற்சி ஒன்று உண்டு. பல்கலைக்கழகப் பாடநூல்களை அந்தந்த மாநில மொழியில் வெளியிட, மாநிலம் ஒன்றுக்கு ஒரு கோடி ரூபாய் வரை தரும் திட்டத்தை 1968-இல் மத்திய அரசாங்கம் வகுத்தது. அன்றைய ஒரு கோடி! கேரளத்தில் அவ்வாண்டே பாஷா இன்ஸ்டிட்யூட் எழுந்தது. தமிழ்நாட்டில் பாடநூல் நிறுவனம் வழியாகப் பௌதிகம், வேதியியல், தாவரவியல், வரலாறு என்று நூல்கள் நிறைய வந்தன.

அந்த நூல்களின் பிற்காலக் கதையை என் தங்கை வழியாகத்தான் அறிந்தேன். அவள் ஊருக்கு அருகில் அரசுக் கல்லூரியில் தமிழ்வழியில் பி.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறாள். "அண்ணே, வகுப்புல நோட்ஸ்தான் இருக்கு, புத்தகம் இல்லை. தெர்மோடைனமிக்ஸுக்கு ஒண்ணு, ஸ்பெக்ட்ராஸ்கோப்பிக்கு ஒண்ணு தமிழ்ல பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டாள். தேடினேன். அண்மையில் மின்படியாக்கிய பழைய பாடநூல் நிறுவன வெளியீடுகள் கிடைத்தன. வெப்ப இயக்கவியல் நூல் அருமையாக இருந்தது. தெளிந்த நடை, எழுதிய பேராசிரியர் மாணவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறார். கார்னோ சுழற்சி அரை நூற்றாண்டில் மாறிவிடப் போவதில்லை. ஆதலால் அந்த நூல் அவளுக்கு இன்றும் பயன்படுகிறது. நிறமாலையியல் நூல் அப்படியன்று. இன்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் அன்றாடம் கையாளும் கருவிகளும் முறைகளும் அதில் இல்லை. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு பற்றி அதில் உள்ளதைக் கொண்டு அவள் ஒரு கேள்விக்கும் விடை எழுத முடியாது. மறுபதிப்பு வந்திருந்தால், ஒவ்வொரு பதிப்பிலும் பத்துப் பக்கம் புதிதாகச் சேர்ந்திருந்தால், அந்த நூல் இன்று அவளுக்குச் சமவயதுத் தோழியாக இருந்திருக்கும். வரவில்லை.

ஏன் வரவில்லை? அரசாங்கம் எழுதச் சொன்னது, அச்சிட்டது, கிடங்கில் வைத்தது. விற்கவேண்டும் என்ற கவலை யாருக்கும் இல்லை. விற்றால் லாபம் காண்பவரும் இல்லை, விற்காவிட்டால் நஷ்டம் அடைபவரும் இல்லை. தேர்வும் வேலையும் ஆங்கிலத்தையே கேட்டது மற்றொரு காரணம். அது பெரிய விவகாரம், இங்கே விரித்தால் ஆசிரியர் குழு கத்தரிக்கோலை எடுத்துவிடும். இப்போது மறுபடியும் இந்திய மொழிகளில் பாடநூல் என்ற குரல் எழுந்துள்ளது. ஐந்தாண்டுகளில் 22,000 நூல்கள் என்று 2024-இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. மகிழ்ச்சிதான். எண்ணிக்கையைப் படித்தவுடன் எனக்குக் கிடங்குகள்தாம் நினைவுக்கு வந்தன. இருபத்தீராயிரத்தில் எத்தனை நூல் இரண்டாம் பதிப்புக் காணும் என்பதையும் அந்த அறிவிப்பிலேயே குறியாக வைத்திருக்கலாம்.

என் கருத்து இதுதான். அரசாங்கம் பதிப்பாளராவது கடைசிக் காரியமாக இருக்கட்டும். முதலில் அது நல்ல வாசகராகட்டும், அதாவது நூலகமாகட்டும்.

இதற்கு வழிகாட்டியாக நம்மிடமே சட்டம் உண்டு. 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் செய்தது. சுதந்திர இந்தியாவில் அதுவே முதலாவது. எஸ். ஆர். அரங்கநாதன் அதற்காகப் பல்லாண்டு உழைத்தார். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. ஆனால் வாங்கிய வரியை நூலகத்துக்குச் செலுத்தாமல் உள்ளாட்சி மன்றங்கள் பாக்கி வைப்பதாக அடிக்கடி செய்தி வருகிறது. புத்தகத்துக்கென்று என் தந்தை கொடுத்த காசு சாக்கடைக்கோ சாலைக்கோ போகிறது. புதிய திட்டம் எதுவும் வேண்டாம். அந்தப் பாக்கி ஒழுங்காக வந்தாலே போதும், தமிழ்ப் பதிப்பாளர் பலர் தலைநிமிர்வர்.

அடுத்து, வாங்கும் முறை. தமிழ்நாட்டில் நூலகங்களுக்கான நூல்கள் பெரும்பாலும் தலைநகரில் தேர்வாகி, பாரத்துக்கு இவ்வளவு என்று விலை கட்டி மொத்தமாக வாங்கப்படுகின்றன. இதனால் பிழைத்த பதிப்பகங்கள் பல. தேர்வுக் குழுவுக்காகவே புத்தகம் தயாரிக்கும் பதிப்பகங்களும் இதனாலேயே பிறந்தன. 2024-இல் வெளிப்படையான இணையவழிக் கொள்முதல் முறை வந்தது நல்ல திருத்தம். ஆயினும் கேரளத்து நண்பர் ஒருவர் தம் ஊர் வழக்கத்தைச் சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அங்கே சிற்றூர் நூலகங்களுக்கு மானியம் தருகிறார்கள். மாவட்டந்தோறும் நடக்கும் புத்தக விழாவுக்கு அந்நூலகங்களின் பொறுப்பாளர்களே வந்து, தங்கள் ஊர் வாசகர் கேட்டதைப் பொறுக்கி வாங்கிச் செல்கிறார்கள். எந்தப் புத்தகம் வேண்டும் என்பதை ஓர் ஊர் தீர்மானிக்கிறது. பன்னிரண்டு எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதலில் 1945-இல் கோட்டயத்தில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் பெரிய பதிப்பகமாக வளர முடிந்தது என்றால், இத்தகைய நூலகங்கள் ஊர்தோறும் இருந்ததும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

மூன்றாவதாகத் தாள். புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். புத்தகத்துக்கு இல்லாவிட்டாலும் அதன் உடம்புக்கு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், பள்ளி நோட்டுக்கான தாளுக்கு வரி நீங்கியது. புத்தகம் அச்சிடும் தாளுக்கோ 12 விழுக்காடு 18 ஆக உயர்ந்தது. பிற தொழிலில் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளலாம். புத்தகத்துக்கு வரியே இல்லாததால் பதிப்பாளர் கழிக்க இடமில்லை. தாள்வரி முழுதும் விலையில் ஏறி வாசகர் தலையில் இறங்குகிறது. வெறும் நோட்டுக்கு வரி இல்லை, அதில் எழுத்து அச்சானால் வரி உண்டு! தமிழ்நாட்டு அரசாங்கம் 1979-இல் தொடங்கிய காகித நிறுவனம் கரூர் அருகே கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. சிறு பதிப்பாளர்கள் சேர்ந்து கேட்டால் ஆண்டு முழுதும் ஒரே விலையில் அவர்களுக்குத் தாள் தர அதனால் முடியாதா?

பணம் தருகிறவன் கருத்தையும் கட்டளையிடுவான் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் கையெழுத்துப் பிரதிக்கு மானியம் தருவதைவிடத் தாளுக்கும் தபாலுக்கும் நூலகத்துக்கும் தருவதை நான் விரும்புகிறேன். தாளுக்குக் கட்சி இல்லை. தபால் பையும் உள்ளே இருப்பது ஆளுங்கட்சிக்குப் பிடித்ததா என்று பார்ப்பதில்லை.

நிறமாலையியல் நூலைப் பற்றித் தங்கைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. எங்கள் துறையில் தமிழ் தெரிந்தவர் மூவர் இருக்கிறோம். ஒரு நூலை எழுதிவிடலாம் என்று பேசி, முதல் இரண்டு அத்தியாயங்களைத் தொடங்கியும் விட்டோம். அப்பாவிடம் செலவைக் கேட்டேன். வழக்கமான கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

தாள்வரியைக் குறைக்கக் கோரி நிதியமைச்சகத்துக்கும், நூலக வரிப் பாக்கி குறித்துத் தமிழ்நாட்டு அரசாங்கத்துக்கும் நம் சங்கத்தின் பெயரால் இரண்டு மனுக்கள் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன். அன்பர்கள் படித்துத் திருத்திக் கையொப்பம் இடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.