கையேட்டில் இல்லாத செலவு

கார்க் கடனின் மாதத் தவணையை ரூபாய் பிசகாமல் கணக்கிடும் நாம், சர்வீஸ் பில்லை மட்டும் கேள்வியின்றிச் செலுத்திவிடுகிறோம். 10,000 கிலோமீட்டர் சர்வீசுக்கு வண்டியை விட்டால், என்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், அடிப்பாகப் பூச்சு என மதிப்பீட்டுத் தாள் நீள்கிறது. போதாக்குறைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. இவற்றுள் பெரும்பாலானவை வண்டியுடன் வந்த கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் இடம்பெறுவதில்லை. அட்டவணையிலும் இல்லை, கோளாறும் தென்படவில்லை என்றால் மறுப்பதே முறை என்பது நம் கருத்து. உத்தரவாதத்துக்கு வேண்டியது அட்டவணைப்படியான பராமரிப்பே.

பிரேக், டயர் விஷயம் வேறு. அங்கே சிக்கனம் ஆபத்து. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. பார்வைக்குத் தெளிவாக இருப்பினும் உரிய காலத்தில் மாற்றியாக வேண்டும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ் தேய்ந்தால் சட்டமே அனுமதிப்பதில்லை. அதைக் காட்டும் குறி டயரிலேயே உண்டு. பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று சொன்னால், எத்தனை மில்லிமீட்டர் மீதம் என்று கேட்போம். சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்வோம். நம்மைக் கேளாமல் கூடுதல் வேலை செய்யலாகாது, மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற இரண்டையும் சாவியைக் கொடுக்கும் முன்பே ஜாப் கார்டில் எழுதச் செய்வோம்.